வெள்ளிக்கிழமை ரிலீஸ், சனிக்கிழமை திருட்டு

புதுப்படம் வெளியான அன்று ராத்திரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் கேள்வி ஒன்றுதான்: ‘லிங்க் இருக்கா?’ யாராவது ஒருவர் அனுப்புவார். அது திறக்காது. ‘அட்ரஸ் மாத்திட்டாங்கப்பா, புதுசைத் தேடு’ என்பார் இன்னொருவர். தளத்தின் பெயரோடு ‘நியூ லிங்க்’ என்று சேர்த்துத் தேடினால் பத்துப் பதினைந்து முகவரிகள் வந்து விழும். எல்லாவற்றிலும் ஒரே முகப்பு, ஒரே போஸ்டர். எது ‘ஒரிஜினல்’ திருட்டுத் தளம், எது அந்தப் பெயரில் வேறு யாரோ திறந்த கடை என்று பார்ப்பவருக்குத் தெரியாது. திருட்டுக்கே டூப்ளிகேட்!

இந்த முகவரிக் குழப்பம் சும்மா வந்ததல்ல. 2018 நவம்பரில் ரஜினியின் ‘2.0’ வெளியாவதற்கு முன்பு, 12,000-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்கச் சொல்லி 37 இணைய சேவை நிறுவனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பட்டியலில் தமிழ்ராக்கர்ஸ் பெயரில் மட்டுமே 2,000-க்கும் மேற்பட்ட முகவரிகள். ஒன்றை மூடினால் இன்னொன்று முளைக்கும். முளைப்பதையெல்லாம் ரசிகன் தேடிப் போவான். தேடிப் போகிறவனுக்காகக் காத்திருப்பவர்கள் படம் போடுகிறவர்கள் மட்டும் அல்ல.

திருட்டுப் படம் எடுத்து வெளியிட்டால் 3 ஆண்டு வரை சிறை என்று 2023-ல் சினிமாட்டோகிராஃப் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். அந்த விவகாரத்தைத் தயாரிப்பாளர்களும் வக்கீல்களும் பார்த்துக்கொள்ளட்டும். நம் கவலை வேறு. அந்த லிங்க்கைத் தட்டிய கணினிக்கு என்ன ஆகிறது?

‘அந்தப் பக்கமே போகாதீர்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். எல்லோரும் சொல்லியாகிவிட்டது. போகிறவர்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். படத்துக்காக, கிரிக்கெட் லைவுக்காக, ‘கிராக்’ போட்ட மென்பொருளுக்காக, ஸ்கேன் செய்த நாவலுக்காக, வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத வேறு சிலவற்றுக்காக. அப்பா போகாவிட்டாலும் அதே கணினியில் பையன் போகிறான். ஆகவே, போவார்கள் என்று வைத்துக்கொண்டே பேசுவோம்.

படத்தின் ஓரத்தில் ஒரு விளம்பரம்

2024 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்புக் குழு ஒரு விஷயத்தைக் கவனித்தது. உலகம் முழுக்க ஏராளமான கணினிகளில் ஒரே மாதிரியான, தகவல் திருடும் மென்பொருள்கள் இறங்கிக்கொண்டிருந்தன. நூல் பிடித்துப் பின்னால் போனபோது, அது சட்டவிரோதமாகப் படம் காட்டும் தளங்களில் போய் நின்றது. 2025 மார்ச்சில் அவர்கள் விவரத்தை வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டவை ஏறக்குறைய 10 லட்சம் கணினிகள். வீட்டுக் கணினிகளும் உண்டு, அலுவலகக் கணினிகளும் உண்டு.

நடந்தது இதுதான். படம் ஓடும் சட்டகத்துக்குள்ளேயே ஒரு விளம்பரக் கண்ணி ஒளிந்திருந்தது. அது பார்ப்பவரை வேறொரு தளத்துக்குத் தள்ளியது. அங்கிருந்து இன்னொன்று. கடைசியில் போய் நின்ற இடம் கிட்ஹப், அதாவது உலகத்து மென்பொருள் பொறியாளர்கள் எல்லாம் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் நம்பகமான கிடங்கு. திருட்டு மென்பொருளை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அந்தக் கோப்பில் முறையான டிஜிட்டல் கையெழுத்துகூட இருந்தது. நல்ல முகவரியிலிருந்து கையெழுத்தோடு வரும் கோப்பைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்?

இது ஏன் இத்தகைய தளங்களில் அதிகம்? காசுதான் காரணம். திருட்டுப் படத் தளத்துக்குப் பெரிய நிறுவனங்களின் விளம்பரம் கிடைக்காது. கிடைப்பதெல்லாம், எங்கே தொட்டாலும் புது ஜன்னல் திறக்கும் மூன்றாந்தர விளம்பர வலைகள். அந்த விளம்பர இடம் ஒரு நொடிக்குள் ஏலம் போய்விடும். வாங்கியவர் யார், என்ன வைத்தார் என்பது தளத்தை நடத்துகிறவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு அவசியமும் இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நல்ல தளம் என்றால் பயமில்லை என்பதும் முழு உண்மை அல்ல. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்றவற்றின் பக்கங்களிலேயே விஷ விளம்பரங்கள் வந்தன. அந்தத் தளங்கள் யாராலும் உடைக்கப்படவில்லை. விளம்பர ஏலத்தின் வழியாகவே உள்ளே வந்துவிட்டார்கள். அப்போது ‘ஆங்லர்’ என்று ஒரு கருவி இருந்தது. பக்கத்தைத் திறந்தாலே போதும். ஃப்ளாஷ் பிளேயரில் உள்ள ஓட்டை வழியாக அது கணினிக்குள் இறங்கிவிடும். எதையும் கிளிக் செய்யவே வேண்டாம்.

அந்தக் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. 2020 கடைசியோடு ஃப்ளாஷுக்கு மூடுவிழா நடந்தது. பிரவுசர்கள் தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொள்கின்றன. ஒரு பக்கத்தை வெறுமனே திறந்து பார்ப்பதால் கணினி கெட்டுப்போவது இன்று அரிது. அதனால் திருடன் பூட்டை உடைப்பதை விட்டுவிட்டு, வீட்டுக்காரரையே கதவைத் திறந்துவிடச் சொல்கிறான்.

நாமே அழுத்தும் பட்டன்

எனக்குத் தெரிந்து இதில் மிகவும் கெட்டிக்காரத்தனமானது போலி ‘கேப்சா’. ‘நான் ரோபோ அல்ல’ என்று ஒரு பெட்டி வருகிறது. நாள் முழுக்க நாம் டிக் செய்கிற பெட்டிதான். டிக் செய்ததும் அடுத்த கட்டளை: ‘நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். பிறகு கன்ட்ரோலும் வியும். பிறகு என்டர்.’

அவசரத்தில் இருப்பவர் செய்துவிடுவார். அவர் என்ன செய்தார் தெரியுமா? முதல் அழுத்தில் விண்டோஸின் ‘ரன்’ பெட்டி திறக்கிறது. அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு கட்டளையைச் சத்தமில்லாமல் ‘காப்பி’ செய்து வைத்திருக்கிறது. இரண்டாவது அழுத்தில் அது பெட்டிக்குள் ஒட்டப்படுகிறது. என்டர் தட்டியதும் கணினி அதை நிறைவேற்றுகிறது. எங்கிருந்தோ ஒரு கோப்பு இறங்கி, தானே ஓடத் தொடங்குகிறது. பிரவுசர் வழியாக எதுவும் டவுன்லோடு ஆகாததால் பிரவுசரின் எச்சரிக்கைகள் எதுவும் வராது. 2024-லிருந்து ‘லும்மா’ என்ற திருட்டு மென்பொருள் இந்த வழியில் ஏகத்துக்கும் பரவியது. நீங்கள் மனிதர்தானா என்று பார்க்க, உலகத்தில் எந்த நேர்மையான தளமும் உங்களை ‘ரன்’ பெட்டியைத் திறக்கச் சொல்லாது. வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டிய விஷயம் இது.

அடுத்தது ‘கிராக்’. விண்டோஸோ ஃபோட்டோஷாப்போ காசு கொடுத்து வாங்கியவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்? கணினியை ரிப்பேருக்குக் கொடுத்தால், திரும்பி வரும்போது ‘எல்லா சாஃப்ட்வேரும் போட்டுட்டேன் சார்’ என்று சிரித்துக்கொண்டே தருவார்கள். எங்கிருந்து எடுத்துப் போட்டார்கள் என்று நாம் கேட்பதில்லை. விண்டோஸை ஓசியில் ‘ஆக்டிவேட்’ செய்யும் கேஎம்எஸ்பிகோ என்ற கருவியின் போலிப் பதிப்புகளுக்குள் ‘கிரிப்ட்பாட்’ என்ற திருடனை வைத்து அனுப்புகிறார்கள் என்று ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2021-லேயே காட்டியிருக்கிறது.

கிராக் கோப்பு வரும் விதத்தைக் கவனித்தாலே பாதி புரியும். ஜிப் கோப்புக்குப் பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள், அந்தப் பாஸ்வேர்டையும் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு எதற்கு? ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்கு! சில நேரம் உள்ளே இருக்கும் சின்னக் கோப்பை வெறும் பூஜ்யங்களால் நிரப்பி 600, 700 எம்பிக்கு ஊதிவைத்திருப்பார்கள். அவ்வளவு பெரிய கோப்பைச் சோதனைக் கருவிகள் பலவும் தொடாமல் விட்டுவிடும். இதற்கெல்லாம் மேலே ஓர் அறிவுரை வேறு: ‘இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணவும்.’ காவல்காரனை வெளியே அனுப்பச் சொல்கிறார்கள், நாமும் அனுப்புகிறோம்.

படக் கோப்பாக வருவதிலும் ஒரு வித்தை உண்டு. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் வாலை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும். பெயர் ‘எம்பி4’ என்று முடிவதுபோலத் தெரியும். உண்மையில் அதற்கும் பின்னால் ‘இஎக்ஸ்இ’ ஒளிந்திருக்கும். அது படம் அல்ல, ஓடக்கூடிய நிரல். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ பகுதியில் கோப்பு வால்களைக் காட்டும்படி ஒரு டிக் போட்டுவிட்டால் இந்த ஏமாற்று அதோடு முடிந்தது.

எதை எடுத்துக்கொண்டு போகிறார்கள்?

இருபது ஆண்டுகளுக்கு முன்பு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தவர்களுக்குப் பழைய ஸ்பைவேர் நினைவிருக்கும். பிரவுசரின் மேல் ஐந்து டூல்பார்கள், தானாக மாறிப்போகும் முகப்புப் பக்கம், மூட மூட வரும் விளம்பரம். கேட்டர், கூல்வெப்சர்ச் என்று விதவிதமாகப் பெயர்கள். எரிச்சலான சமாச்சாரம்தான். ஆனால் கணினிக்கு ஏதோ ஆகிவிட்டது என்றாவது தெரிந்தது.

இன்றைய தகவல் திருடி உள்ளே வந்ததே தெரியாது. ஒரு நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிடும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், தானாக நிரம்பும் முகவரிகள், கிரிப்டோ பணப்பை, டெலிகிராம் கணக்கின் ஃபோல்டர், டெஸ்க்டாப்பில் ‘பாஸ்வேர்டு’ என்ற பெயரிலேயே நாம் வைத்திருக்கும் குறிப்பு, போகிற போக்கில் திரையின் ஒரு படம். எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்பிவிட்டுப் பல சமயம் தன்னையே அழித்துக்கொண்டு போய்விடும். மறுநாள் சந்தேகப்பட்டு ஸ்கேன் செய்தால் ‘உங்கள் கணினி சுத்தமாக இருக்கிறது’ என்று பச்சை டிக் வரும். ஆமாம், சுத்தமாகத்தான் இருக்கிறது!

மூட்டையில் விலை அதிகமான சரக்கு பாஸ்வேர்டு என்று நினைப்போம். அல்ல, ‘குக்கி’தான். தீம் பார்க்கில் நுழையும்போது கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். அதன்பிறகு எந்த ராட்டினத்திலும் டிக்கெட் கேட்க மாட்டார்கள். ஜிமெயிலிலோ ஃபேஸ்புக்கிலோ ஒருமுறை பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனதும், அந்தத் தளம் உங்கள் பிரவுசரில் கட்டிவிடும் பட்டைதான் குக்கி. அதைத் திருடியவன் தன் பிரவுசரில் கட்டிக்கொள்கிறான். அவனிடம் பாஸ்வேர்டும் கேட்பதில்லை, ஓடிபியும் கேட்பதில்லை. ஏற்கெனவே நீங்கள் கொடுத்ததாகக் கணக்கு.

2023 மார்ச்சில் 1.5 கோடி சந்தாதாரர்கள் கொண்ட ‘லைனஸ் டெக் டிப்ஸ்’ யூடியூப் சேனல் இப்படித்தான் பறிபோனது. கணினி பற்றி உலகத்துக்கே பாடம் நடத்துகிற சேனல். விளம்பர ஒப்பந்தம் என்று வந்த ஒரு கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார். குக்கிகள் போயின. சேனலில் கிரிப்டோ மோசடி ஒளிபரப்பு ஓடத் தொடங்கியது.

திருடிய மூட்டைகளுக்குச் சந்தையும் இருந்தது. ‘ஜெனிசிஸ் மார்க்கெட்’ என்பது அதன் பெயர். 2023 ஏப்ரலில் அமெரிக்க எஃப்பிஐயும் நெதர்லாந்து போலீஸும் முன்னின்று அதை மூடின. அந்த நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘குக்கி மான்ஸ்டர்’. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளிலிருந்து திருடிய 8 கோடிக்கும் மேற்பட்ட கணக்கு விவரங்கள் அங்கே விலைக்கு இருந்தன. ஒரு கணினியின் மூட்டை 70 சென்ட்டிலிருந்து, அதாவது அப்போதைய கணக்கில் ஓர் அறுபது ரூபாயிலிருந்து கிடைத்தது. நம் மொத்த இணைய வாழ்க்கைக்கும் அவ்வளவுதான் மதிப்பு.

ஒரு சந்தையை மூடினால் வியாபாரம் நிற்குமா? 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் பல நாட்டு அமைப்புகளும் சேர்ந்து லும்மாவின் 2,300 முகவரிகளைப் பறித்தன. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் அது புகுந்திருந்தது. இந்த மென்பொருளை மாதச் சந்தாவுக்கு விற்றார்கள், 250 டாலரிலிருந்து. கேபிள் கனெக்‌ஷன் மாதிரிக் காசு கட்டினால் போதும், திருட நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

‘என் வீட்டுக் கணினியில் என்ன இருக்கிறது, எடுத்தால் எடுத்துப் போகட்டும்’ என்பவர்களுக்கு ஸ்னோஃப்ளேக் விவகாரத்தைச் சொல்ல வேண்டும். ஸ்னோஃப்ளேக் என்பது பெரிய நிறுவனங்கள் தங்கள் தரவுகளைச் சேமித்து வைக்கும் மேகக் கிடங்கு. 2024-ல் அதன் வாடிக்கையாளர் கணக்குகள் பலவற்றிலிருந்து தரவுகள் திருடப்பட்டன. டிக்கெட்மாஸ்டர் மாட்டியது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி தன் செல்போன் வாடிக்கையாளர்களில் கிட்டத்தட்ட எல்லோருடைய அழைப்பு விவரங்களும் போய்விட்டதாக அறிவித்தது. சுமார் 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை போனது. விசாரித்த மேண்டியன்ட் நிறுவனம் சொன்னதுதான் சுவாரசியம். ஸ்னோஃப்ளேக்கின் சுவர் எங்கும் உடைக்கப்படவில்லை. தகவல் திருடிகள் எப்போதோ எடுத்த பாஸ்வேர்டுகளை வைத்தே உள்ளே போயிருக்கிறார்கள். அவற்றில் மிகப் பழையது 2020-ல் திருடப்பட்டது. அப்போதிலிருந்து யாரும் மாற்றவே இல்லை! திருடி புகுந்த கணினிகளில் சில, ஒப்பந்த ஊழியர்களுடையவை. அதே கணினியில்தான் அவர்கள் கேம் விளையாடினார்கள், ‘கிராக்’ போட்ட மென்பொருளும் இறக்கினார்கள்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சோழிங்கநல்லூர்க்காரர்களும் கோவை சரவணம்பட்டிக்காரர்களும் அந்தக் கடைசி வரியை இன்னொருமுறை படிக்கலாம்.

காப்பாற்றாத கவசங்கள்

‘நான் இன்காக்னிட்டோவில்தான் பார்ப்பேன்.’ அது நீங்கள் எங்கே போனீர்கள் என்பதை வீட்டுக்காரம்மாவிடமிருந்து மறைக்கும். வேறு வேலை அதற்குத் தெரியாது. ‘முகவரியில் பூட்டுப் படம் இருந்தது.’ பூட்டுக்கு அர்த்தம், உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான். எதிரில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது.

இலவச விபிஎன் இவற்றைவிட மோசம். முடக்கிய தளத்தைத் திறப்பதற்காக ஏதோ ஒரு விபிஎன்னைப் போட்டுக்கொள்வது இங்கே சர்வ சாதாரணம். 2024 மே மாதம் அமெரிக்க நீதித் துறை ‘911 எஸ்5’ என்ற வலையைப் பிடித்தது. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவச விபிஎன்கள் வழியாக அது பரவியிருந்தது. அவற்றைப் போட்டுக்கொண்டவர்களின் இணைய இணைப்பை, ஆள் தெரியாமல் குற்றம் செய்ய நினைப்பவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். சுமார் 200 நாடுகளில் 1.9 கோடி ஐபி முகவரிகள் இப்படி வாடகைக்குப் போயின. யாரோ செய்த மோசடிக்குப் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டு முகவரிக்கு.

திரை முழுக்கச் சிவப்பாக ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்’ என்று கத்தும் பக்கம் வந்தால் எதையும் தொடாதீர்கள், அதில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். ஒரு வலைப்பக்கத்தால் உங்கள் கணினியை ஸ்கேன் செய்யவே முடியாது. ‘நோட்டிஃபிகேஷன் காட்டலாமா?’ என்ற கேள்விக்குத் தவறி ‘அலௌ’ கொடுத்திருந்தால், பிரவுசர் செட்டிங்ஸில் அந்த அனுமதியை நீக்குங்கள். அதன் வழியே வரும் ‘வைரஸ்’ எச்சரிக்கையும் நின்றுவிடும்.

தனிக் கணக்கு என்னும் தடுப்புச் சுவர்

ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். விண்டோஸில் இன்னொரு பயனர் கணக்கு உருவாக்குங்கள். செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்ஸ்’, அதில் ‘அதர் யூசர்ஸ்’. கணக்கின் வகை ‘ஸ்டாண்டர்டு’ என்று இருக்க வேண்டும், ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ வேண்டாம். படம், லைவ் மேட்ச், தெரியாத தளம் எல்லாம் அந்தக் கணக்கில் மட்டும். மெயில், வங்கி, அலுவலகம் எல்லாம் உங்கள் பழைய கணக்கில் மட்டும்.

பிரவுசரிலேயே இரண்டு ‘புரொஃபைல்’ வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பிரவுசர் புரொஃபைல் என்பது ஒரே பயனரின் கீழ் இருக்கும் இரண்டு ஃபோல்டர்கள். திருடி இரண்டையும் சேர்த்தே அள்ளும். பாஸ்வேர்டுகளை விண்டோஸ் பூட்டித்தான் வைக்கிறது. ஆனால் அந்தச் சாவி பயனருக்கு உரியது. அந்தப் பயனரின் பெயரில் ஓடும் எந்த நிரல் கேட்டாலும் விண்டோஸ் திறந்து கொடுத்துவிடும். இதைத் தடுக்க 2024 ஜூலையில் குரோம் ஒரு கூடுதல் பூட்டைக் கொண்டுவந்தது. சில மாதங்களுக்குள் திருடிகள் அதையும் தாண்டிவிட்டன. பயனரே வேறு என்றால் கதை வேறு. நிர்வாகி அதிகாரம் இல்லாத கணக்கில் இறங்கிய திருடிக்குப் பக்கத்துக் கணக்கின் ஃபோல்டர்கள் எளிதில் திறக்காது. அங்கே மெயிலில் நுழைந்திருக்காவிட்டால் எடுத்துக்கொள்ள குக்கியும் இருக்காது. இடையில் ‘நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கொடு’ என்று ஒரு பெட்டி வந்தால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பாஸ்வேர்டைப் பையனுக்கும் சொல்ல வேண்டாம்.

இதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று காலை வாரும். ஆதார் ஸ்கேன், பான் கார்டு, கல்யாண ஃபோட்டோ என்று எல்லாவற்றையும் ‘டி டிரைவில்’ போட்டுவைப்போம். வழக்கமான அமைப்பில் டி டிரைவ் எல்லாப் பயனர்களுக்கும் திறந்துதான் கிடக்கும். முக்கியமானவற்றை உங்கள் கணக்கின் ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டருக்குக் கொண்டுவாருங்கள்.

விண்டோஸின் ‘புரோ’ பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு ‘விண்டோஸ் சேண்ட்பாக்ஸ்’ என்று ஒன்று உண்டு. கணினிக்குள்ளே ஒரு தற்காலிகக் கணினி. மூடினால் உள்ளே இருந்த எல்லாம் அழிந்துபோகும். சந்தேகமான எதையும் அதில் திறந்து பார்க்கலாம். பழைய லேப்டாப் ஒன்று பரணில் இருந்தால் அதில் லினக்ஸ் போட்டு ஓசிச் சமாச்சாரங்களுக்கென்றே ஒதுக்குவது இன்னும் நல்லது.

விளம்பரத் தடுப்பானைச் சிலர் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். 2022 டிசம்பரில் எஃப்பிஐயே பொதுமக்களை அதைப் பயன்படுத்தச் சொன்னது. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் முழுமையாக ஓடுகிறது; குரோமில் இப்போது அதன் ‘லைட்’ பதிப்புதான். வீட்டு ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை 9.9.9.9 என்று மாற்றினால், அடையாளம் தெரிந்த விஷத் தளங்கள் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளிலும் திறக்காது. குவாட்9 என்ற லாப நோக்கமற்ற அமைப்பின் இலவசச் சேவை அது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

சிக்கிவிட்டால்

தெரியாத கோப்பை ஓடவிட்டுவிட்டீர்கள், அல்லது அந்த ‘ரன்’ பெட்டி வித்தையில் என்டர் தட்டிவிட்டீர்கள். முதலில் கணினியின் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். அடுத்து எல்லோரும் செய்யும் தவறு, அதே கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றுவது. புதிய பாஸ்வேர்டையும் நீங்களே ஒப்படைக்கிறீர்கள். போனை எடுங்கள். முதலில் மெயில். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எந்தெந்தக் கருவிகளில் நுழைந்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருக்கும். எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். திருடிய பட்டை அப்போதுதான் செல்லாமல் போகும். அதற்குப் பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். மீட்பு எண், மீட்பு மெயில் இரண்டும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’, டெலிகிராமில் ‘ஆக்டிவ் செஷன்ஸ்’ இரண்டையும் காலி செய்யுங்கள். வங்கியைவிட மெயிலை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வங்கி சில நிமிடங்களில் தானே வெளியேற்றிவிடும், பணம் அனுப்பப் பெரும்பாலும் ஓடிபி கேட்கும். மெயில் மாதக்கணக்கில் திறந்து கிடக்கும், மற்ற எல்லாக் கணக்குகளின் ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ கடிதமும் அங்கேதான் வரும்.

பணம் போயிருந்தால் யோசிக்காமல் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறும் முன்பு நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. கணினியைச் சோதிக்க மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ 2017-லிருந்து இலவசக் கருவிகளைத் தருகிறது. ஆனால் தகவல் திருடி வந்துபோன கணினியில் ஸ்கேனை நம்புவதைவிட, விண்டோஸை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதே சரி. ஃபோட்டோ, ஆவணங்கள், பாட்டு எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வைத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பல வருடமாகக் கூடவே வந்துகொண்டிருக்கும் ‘சாஃப்ட்வேர்ஸ்’ என்ற அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் விட்டுவிடுங்கள்.